ம்ஹூம் மேடம்

அந்த ஆஸ்பத்திரியின் மருந்தகம் தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்பதை மேலிருந்து இறங்கி வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே மருந்தாளராக இருந்தவளுக்கு ஆஸ்பத்திரி முழுக்க ஒரு பட்டப்பெயர் உண்டு. ம்ஹூம் மேடம். அவளுக்கும் அது தெரியும், ஆனால் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பெயர் வந்த காரணம் பெரிய ரகசியமில்லை. மாடியிலிருந்து வரும் ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் புருவம் மேலே ஏறும், உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், தொண்டைக்குள்ளிருந்து ஒரு "ம்ஹூம்" வரும். எழுதியவர் எப்பேர்ப்பட்ட டாக்டராக இருந்தாலும் சரி, சீட்டு வந்த வழியே மாடிக்குத் திரும்பிவிடும். தப்பு நோயாளியின் கட்டில் வரைக்கும் போகக்கூடாது, பாதி வழியிலேயே பிடித்துவிட வேண்டும், அதற்குத்தானே என்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பாள். இரண்டு பேர் பார்க்கிற வேலையை ஒருத்தியாகப் பார்க்கிறவள் அப்படிச் சொன்னால் யார் எதிர்த்துப் பேச முடியும்?

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய் அக்கடா என்று உட்காரவும் அவளுக்குத் தெரியாது. நர்ஸ் படிப்பை முடிக்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் மருந்தளவுக் கணக்கு என்று ஒரு தேர்வு எழுத வேண்டும். அதில் ஒரு கணக்கு தப்பினாலும் தோல்விதான். கொடுமையாக இருக்கிறதே என்று தோன்றலாம். நமக்கு ஊசி போட வருகிறவர் தொண்ணூறு மார்க் வாங்கியவர் என்று கேள்விப்பட்டால் அப்படித் தோன்றாது. இந்தத் தேர்வில் ஆள் ஆளாகக் கவிழ்வதைப் பார்த்துவிட்டு, கேன்டீன் சுவரில் அவள் ஒரு தாள் ஒட்டினாள். மருந்தளவுக் கணக்கு சொல்லித் தரப்படும், உண்மையிலேயே படிக்க நினைப்பவர்கள் மட்டும் வரவும் என்று எழுதியிருந்தது. "மட்டும்" என்பதன் கீழே இரண்டு கோடு.

அந்த இரண்டு கோட்டைப் பார்த்தே பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். மிஞ்சி வந்தவர்களில் ஒருத்தன், எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிற பையன். இன்னொருவர் வெளியிலிருந்து வரவே இல்லை, சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் என்றால் புருஷனுக்கு அக்கா. அம்மா வேலைக்குப் போன வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வேறொரு ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக வருஷக்கணக்கில் உழைத்தவர். உதவியாளர் என்பது காகிதத்தில் இருக்கிற பெயர். படுத்திருப்பவரைப் புரட்டுவது, துடைப்பது, உடுத்துவது, கழிவை எடுப்பது எல்லாம் அவர் கை. மருந்து கொடுப்பது மட்டும் அவர் கை இல்லை. "ராத்திரி வலியில துடிக்கிறவங்க என் கையைத்தான் பிடிச்சுக்குவாங்க. நான் நர்ஸைக் கூப்பிட ஓடணும். அந்த ஓட்டம் போதும்டி" என்று ஒரு நாள் சொன்னார். மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, மாதத்தில் பாதி நாள் லாரியிலேயே இருக்கும் புருஷனிடம் சொல்லிவிட்டு, தம்பி வீட்டோடு வந்து தங்கி மாலைக் கல்லூரியில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தார். மற்ற எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டார். இந்த ஒரு கணக்குத் தேர்வில்தான் முதல் தடவை கவிழ்ந்தார். மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் படிப்பை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த வயதில் யார் ஆரம்பிப்பார்கள்? அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் மேட்ரன், குழந்தைகள் வார்டில் ஒரு இடத்தை அவருக்காகப் பிடித்து வைத்திருந்தார். அந்த அம்மாவாலும் எத்தனை நாள் பிடித்து வைக்க முடியும்?

வகுப்பு சாப்பாட்டு மேசையில் நடந்தது. உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து நாத்தனார் தம்பி பெண்டாட்டியை "மேடம்" என்பார், வாங்க போங்க என்பார். அவள் கூச்சத்தில் நெளிந்து, "அக்கா, என்னைப் போய் மேடம்னு கூப்பிடாதீங்க" என்றாலும் கேட்பதில்லை. "படிக்கிற இடத்துல படிக்கிற மாதிரி இருக்கணும் மேடம்." புத்தகத்தை மூடிய அடுத்த நொடி, "ஏன்டி, அடுப்பை அணைச்சியா இல்லையா?" என்பார். நெட்டைக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறும்.

நாத்தனாரைப் போல ஒரு மாணவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றே அவள் நினைத்தாள். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் போட்டுவிடுவார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுவார். "இதை இதால பெருக்கி..." என்று ஆரம்பித்து, ஒரு பார்வை பார்த்து, "இல்ல இல்ல, வகுத்து..." என்று தானே திருத்திக்கொள்வார். பேனா தப்பான பக்கம் போனாலும் பாதியிலேயே திரும்பி சரியான பக்கம் வந்துவிடும். நெட்டை அப்படி இல்லை. தாளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், முழுக் கணக்கையும் தப்பாகப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்வான். அவனுக்கு நாத்தனாரை உதாரணம் காட்டித் திட்டு விழும்.

இரண்டாவது தேர்வு வந்தது. நெட்டை தேறினான். நாத்தனார் தேறவில்லை.

அதுவும் ஒன்றோ இரண்டோ போயிருந்தால் சரி என்று விடலாம். பாதிக்கு மேல் தப்பு. அன்று சாயங்காலம் அந்த வீட்டில் சாப்பாடு தட்டிலேயே ஆறிப்போனது. புருஷன் மட்டும் சூழ்நிலையைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று, "எங்கக்கா வீட்டுல புலி, பரீட்சையில பூனை" என்றான். இரண்டு பெண்களும் சேர்ந்து பார்த்த பார்வையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

"பயம்தான்க்கா. பயத்துல மறந்திருப்பீங்க" என்றாள் அவள்.

"பயமா? பொணத்தைத் தனியா துடைச்சு அனுப்பியிருக்கேன். எனக்கென்ன பயம்?" என்றார் நாத்தனார். "அங்கே உட்கார்ந்தா எதுவும் ஓடலை. அவ்வளவுதான்." சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனார். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் பிடிபடாமல் மறுபடி வகுப்பை ஆரம்பித்தார்கள். முன்பைவிட அதிக நேரம், முன்பைவிடக் கடினமான கணக்குகள். நாத்தனார் முன்பு மாதிரியே எல்லாவற்றையும் சரியாகப் போட்டார். இப்படி இருக்கும்போது அவளுக்குச் சளி பிடித்தது. தொண்டை கட்டி, குரல் சுத்தமாகப் போய்விட்டது. லீவு போட்டிருக்கலாம், ஆனால் லீவு என்ற சொல் அவளுக்கு வேற்று மொழி. நாத்தனாருக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றி நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு மேசைக்கு வந்து உட்கார்ந்து, கணக்கை எழுதி நீட்டினாள்.

நாத்தனார் ஆரம்பித்தார். "இதை இதால பெருக்கி..." நிமிர்ந்து பார்த்தார். "இல்ல, வகுத்து..." மறுபடி பார்த்தார். பேனா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. ஒரு விடை எழுதி அடித்தார். இன்னொன்று எழுதி அதையும் அடித்தார். போன வாரம் கண்ணை மூடிக்கொண்டு போட்ட அதே வகைக் கணக்கு. கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, குழந்தை மாதிரி வெள்ளந்தியாகச் சொன்னார்.

"மேடம், அந்த மாஸ்க்கைக் கொஞ்சம் கழட்டுங்களேன். உங்க மூஞ்சி தெரியலைன்னா எனக்குக் கணக்கு வர மாட்டேங்குது."

அவளுக்குச் சுருக்கென்றது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு போய், இத்தனை மாதமாக இந்த மேசையில் என்ன நடந்தது என்பது ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்து நின்றது. பெருக்கி என்றதும் தன் புருவம் ஏறியிருக்கிறது. அவர் உடனே வகுத்து என்றிருக்கிறார். பேனா தப்பான எண்ணுக்குப் போனதும் தொண்டைக்குள் ம்ஹூம் எழுந்திருக்கிறது. பேனா திரும்பியிருக்கிறது. தப்பைக் கட்டிலுக்குப் போகுமுன் பிடிக்கிற கெட்டிக்காரி, தாளில் விழுவதற்கு முன்பே பிடித்திருக்கிறாள், தனக்கே தெரியாமல். நாத்தனார் படித்தது கணக்கை இல்லை, அவள் முகத்தை. அதைத் தேர்வு அறைக்கு எடுத்துக்கொண்டு போக முடியுமா? நெட்டையைத் திட்டியதையெல்லாம் நினைத்து வெட்கப்பட்டாள்.

குரல் இல்லாததால் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: தப்பு என் மேல்தான்க்கா. நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. எழுதி எழுதி விளக்கிய பிறகுதான் புரிந்தது. புரிந்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

குரல் திரும்பியதும் அவள் செய்த முதல் காரியம், நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டது. முதுகைக் காட்டிக்கொண்டுதான் இனி பாடம். வேலை முடிந்து வந்த புருஷன், அக்கா மேசையில் குனிந்திருப்பதையும் பெண்டாட்டி சுவரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் பார்த்துவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"என்ன சண்டை?"

"சண்டை இல்லடா, பாடம்" என்றார் அக்கா.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனான்.

சுவரைப் பார்த்து உட்காருவது சுலபம். சும்மா உட்காருவதுதான் அவளுக்குப் பிராணாவஸ்தையாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் பேனா கீறுகிற சத்தம் கேட்கும். எங்கே தப்புகிறார் என்று சத்தத்திலேயே தெரியும். நாக்கைக் கடித்துக்கொள்வாள், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொள்வாள். பெரிய பெரிய டாக்டர்களை ஒரு தொண்டைச் சத்தத்தில் நிறுத்துகிறவளுக்கு, ஒரு தப்பைத் தப்பாகவே இருக்க விடுவது இத்தனை கஷ்டமா?

ஒரு நாள் கொடுத்த கணக்கு இது. குழந்தையின் எடை எட்டுக் கிலோ. கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் மருந்து. குப்பியில் ஒரு மில்லிக்கு ஐம்பது மில்லிகிராம் இருக்கிறது. எத்தனை மில்லி எடுப்பாய்? நாத்தனார் போட்டு முடித்து, இருபத்துநாலு மில்லி என்றார். சரியான விடை இரண்டு புள்ளி நாலு. புள்ளி எங்கோ விழுந்துவிட்டது. பத்து மடங்கு. அந்தக் குழந்தை பிழைக்காது. அவள் திரும்பவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் நிரப்பிய குப்பியையும் ஒரு பத்து மில்லி சிரிஞ்சையும் ஒரு டம்ளரையும், முகத்தைக் காட்டாமல், மேசையில் வைத்தாள்.

"எடுங்கக்கா, எவ்வளவு சொன்னீங்களோ அவ்வளவு."

நாத்தனார் சிரிஞ்சை முழுசாக இழுத்து டம்ளரில் விட்டார். மறுபடி முழுசாக இழுத்தார். மூன்றாவது தடவை இழுக்கும்போது கை நின்றது. எத்தனையோ பச்சைக் குழந்தைகளை, ஊசி போடும்போது இறுக்கிப் பிடித்திருந்த கை அது. அந்தச் சின்னத் தொடையின் அளவு அதற்குத் தெரியும்.

"இது மருந்தா, குளிக்க ஊத்துற தண்ணியா?" என்றார் நாத்தனார் தனக்குத்தானே. பிறகு தாளை இழுத்து வைத்துக்கொண்டு, யாரும் எதுவும் சொல்லாமல், புள்ளியைக் கண்டுபிடித்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடையையும் அவர் கையால் அளந்து பார்த்தார். இவ்வளவு மாத்திரை ஒரு ஆள் விழுங்குவானா, இவ்வளவு வேகத்தில் டிரிப்ஸ் ஓடுமா என்று வாய்க்குள் கேட்டுக்கொள்வார். தப்புகள் குறைந்தன. தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு முழுத் தாளையும் அவர் போட்டு முடித்தபோது எல்லாமே சரியாக இருந்தது.

அவள் அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. சீட்டை இரண்டாவது தடவையும் பார்த்துத்தானே பழக்கம். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நாத்தனாருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு கணக்குக்கா. ஆயிரம் மில்லி டிரிப்ஸ், எட்டு மணி நேரத்துல ஏறணும். ஒரு மில்லிக்கு இருபது சொட்டு. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?"

நாத்தனார் தலை குனிந்து போட்டார். "நாற்பத்திரண்டு." அது சரியான விடை.

அவள் புருவத்தை ஏற்றினாள். உதட்டை ஒரு பக்கம் இழுத்தாள். "ம்ஹூம்" என்றாள்.

நாத்தனாரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அந்த நாற்பத்திரண்டை அடித்தது. "அப்போ... எண்பத்து நாலா?" என்று கேட்டபடி அவள் முகத்தையே பார்த்தார்.

அவள் புருவத்தை இறக்கினாள். "நாற்பத்திரண்டு சரிதான்க்கா. நான் வேணும்னே அப்படிச் சொன்னேன். நீங்க விடாம நிக்கிறீங்களான்னு பார்த்தேன்."

நாத்தனார் பேனாவை மூடினார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"உனக்கு இது புரியாதும்மா" என்றார் மெதுவாக. மேடம் போய்விட்டது, புத்தகம் இன்னும் திறந்துதான் இருந்தது. "சின்ன வயசுல அப்பா மூஞ்சியைப் பார்த்துத்தான் வீட்டுக்குள்ள பேசணுமா வேணாமான்னு தெரிஞ்சுக்குவோம். கல்யாணம் ஆனதும் மாமியார் மூஞ்சி. வேலைக்குப் போனா நர்ஸ் மூஞ்சி, டாக்டர் மூஞ்சி. யார் எதுக்கு எரிஞ்சு விழுவாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலைன்னா ஒரு ஆயா ஒரு நாள் தாக்குப்பிடிக்க முடியாது. எனக்குத் தெரிஞ்ச ஒரே படிப்பு அதுதான். அதை ஒரு மாசத்துல மறக்கச் சொல்றே."

எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

அவள் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். நாளைக்குத் தேர்வு எழுதப்போகிறவரை இன்று உடைத்துப் போட்டுவிட்டோமே என்று தன்னைத்தானே நொந்துகொண்டாள். புருஷன் வந்து தோளில் கை வைத்து, "விடு, அக்கா இதைவிடப் பெருசெல்லாம் தாங்கியிருக்கு" என்றான். அந்தத் தடவை அவன் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

காலையில் அவள் எழுந்தபோது நாத்தனார் கிளம்பிப் போயிருந்தார். அன்று மருந்தகத்தில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஒரு சீட்டை நாலு தடவை படித்தாள். எதிரே நின்ற நர்ஸ், "மேடம், ம்ஹூமா இல்ல சரியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்கும்படி ஆகிவிட்டது. மதியத்துக்கு மேல் மேசைமேல் இருந்த போன் அடித்தது.

"நான்தான்" என்றார் நாத்தனார். பின்னால் பஸ் ஹாரன் சத்தம். "எழுதிட்டேன். ரிசல்ட் நாளைக்குத்தானாம்."

"எப்படி இருந்துச்சுக்கா?"

"நடுவுல ஒரு சொட்டுக் கணக்கு வந்துச்சு. போட்டேன். போட்டு முடிச்சதும் உன் மூஞ்சி வந்து நின்னுச்சு, புருவத்தைத் தூக்கிக்கிட்டு. ம்ஹூம்னுச்சு. கை தானா அடிக்கப் போச்சு."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா, நான் கணக்குப் போடணும்னு சொன்னேன். வாய்விட்டே சொல்லிட்டேன் போல, பக்கத்துப் பொண்ணு திரும்பிப் பார்த்துச்சு. மறுபடி முதல்ல இருந்து போட்டேன். அதே விடைதான் வந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

"என்ன விடைக்கா? கணக்கு ஞாபகம் இருக்கா? சொல்லுங்க, நான் இப்பவே போட்டுப் பார்த்துடறேன்." பேனாவை எடுத்துவிட்டாள். ஒரு பழைய சீட்டைக் குப்புறத் திருப்பியும் வைத்துவிட்டாள்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றார் நாத்தனார். "சொல்ல மாட்டேன்."

"ஏன்க்கா?"

"நீ பார்க்க வேணாம். எல்லாம் சரியாத்தான் இருக்கு." பஸ் வந்துவிட்டது போல, குரல் அவசரமானது. "வரும்போது சோப்பு வாங்கிட்டு வா. தீர்ந்து போச்சு."

அவள் போனை வைத்தாள். கையில் பேனா இருந்தது, எழுத ஒன்றும் இல்லை. எத்தனையோ வருஷமாக எத்தனையோ சீட்டுகளைப் பார்த்தவள். தன்னிடம் காட்டாமலே ஒருவர் சரி என்று சொல்லிவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை. அது பயமாகவும் இருந்தது, சொல்ல முடியாத அளவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

அன்று ராத்திரி அவள்தான் புரண்டு புரண்டு படுத்தாள். பக்கத்து அறையிலிருந்து நாத்தனாரின் குறட்டை சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் முடிவு வந்ததும் முதலில் பார்த்தவன் தம்பிதான். கூடத்துக்கும் சமையலறைக்குமாக ஓடினான். "அக்கா, எல்லாம் சரி. ஒண்ணுகூடத் தப்பு இல்ல. பாஸ்" என்று வீடே அதிரும்படி சொன்னான். அவள் அழுதுகொண்டே போய் நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள்.

நாத்தனார் ஈரக் கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "எதுக்குடி அழுறே?" என்றார். "நேத்தே சொன்னேனே."